தொழில் அறிவோம்: பற்றவைப்பு பற்றி வாசகர் கேள்விகள்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையின் குறுக்குத் தெருக்களில் நடப்பவர்களுக்கு, பட்டறை வாசலில் விட்டு விட்டு மின்னும் நீல வெளிச்சம் புதிதன்று. அந்த வெளிச்சத்தின் முன் குனிந்திருப்பவர்களில் தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்த நம் பிள்ளைகள் பலர் உண்டு. வெல்டிங் பற்றி என்ன கேட்க விரும்பினாலும் எழுதலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பலருக்கும் பொதுவான சிலவற்றை எடுத்துக்கொண்டு, இத்தொழிலில் ராடு பிடித்தும் பிறகு பிடிக்கக் கற்றுக்கொடுத்தும் பல ஆண்டு கழித்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

என் மகன் பட்டறையில் வெல்டிங் பழகுகிறான். வெல்டிங் என்பது இரும்பை ஒட்டுவதா, உருக்குவதா? ரேடியோ கடையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானா? – வாசகர், ஸ்ரீராமபுரம்

உருக்குவதுதான், ஐயா. ஈயப்பற்று வைக்கும்போது உருகுவது ஈயம் மட்டுமே. கீழே உள்ள செப்புக் கம்பி உருகுவதில்லை. குளிர்சாதனப் பெட்டியின் செப்புக் குழாய்களை இணைக்கும் பித்தளைப் பற்றும் அவ்வகையே. அங்கே நிரப்பும் உலோகம் 450 டிகிரி செல்சியசுக்கு மேல் உருகுகிறது, ஈயப்பற்றில் அதற்குக் கீழே உருகுகிறது என்பதே இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு. வெல்டிங்கிலோ இணைக்கப்படும் இரண்டு துண்டுகளின் விளிம்புகளும் உருகி, இடையில் ஒரு சிறு குளம் போலத் தேங்கி, நாம் ஊட்டும் உலோகத்தையும் தன்னுள் வாங்கிக்கொண்டு உறைகின்றன. உறையும்போது புதிய படிகங்கள் பழைய இரும்பின் படிகங்களிலிருந்தே வளர்வதால், சரியாகச் செய்த இணைப்பில் இது உன்னுடையது, அது என்னுடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சாதாரண இரும்பு ஏறத்தாழ 1,500 டிகிரியில் உருகுகிறது. அந்த நிலையில் அது காற்றைக் கண்டால் விடாது. ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொள்ளும். உறைந்த பிறகு உள்ளே ஓட்டைகள் இருக்கும், இரும்பும் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். ஆகவே வெல்டிங் முறை எதுவானாலும் அதனிடம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: வெப்பம் எங்கிருந்து வருகிறது? உருகிய குளத்தைக் காற்றிலிருந்து காப்பது எது? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் அந்த முறை பாதி புரிந்தாயிற்று என்பதே மாணவர்களுக்கு நான் சொல்லும் முதற்பாடம்.

உருக்காமலே இணைக்கும் வழியும் ஒன்று பழங்காலத்திலிருந்து உண்டு. நம் ஊர்க் கொல்லர் இரண்டு இரும்புகளை உலையில் வெண்மையாகக் காய்ச்சி, வெண்காரமோ மணலோ தூவிக் கசடை இளக்கி, பட்டடையில் வைத்து அடித்து ஒன்றாக்குவார். சுமார் 1,600 ஆண்டுகளாக நிற்கும் தில்லி மெஹ்ரௌலி இரும்புத்தூண், ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையோடு, இப்படி இரும்புக் கட்டிகளை அடித்து இணைத்தே உருவாக்கப்பட்டது.

கிரில் கடை வைத்திருக்கிறேன். எப்போதும் 6013 ராடுதான் வாங்குகிறேன். ஒரு கட்டட ஒப்பந்ததாரர் 7018தான் வேண்டும் என்கிறார். விலை கூடுதல் என்பதைத் தவிர என்ன வேறுபாடு? – வாசகர், காமாட்சிபாளையா

நல்ல கேள்வி. ராடு என்பது மேற்பூச்சு பூசிய, தானும் உருகி இணைப்பில் சேரும் கம்பி. ராடு வெல்டிங்கில் வெப்பம், ராடின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்வில்லிலிருந்து வருகிறது. அதன் வெப்பம் 5,000 டிகிரியைத் தாண்டும். காப்பது ராடின் மேற்பூச்சு. அந்தப் பூச்சு எரிந்து வாயுவாகிக் குளத்தைச் சூழ்கிறது. உருகிக் கசடாக மேலே மிதந்து, உறையும் இரும்பின் மீது போர்வையாகக் கிடக்கிறது. மின்வில் அணையாமல் நிற்கவும் உதவுகிறது. சிப்பிங் சுத்தியலால் நீங்கள் தட்டி எறியும் ஸ்லாக், தன் வேலையை முடித்துவிட்ட அந்தப் போர்வைதான்.

இனி எண்களுக்கு வருவோம். முதல் இரண்டு இலக்கங்கள் இணைப்பின் இழுவிசை வலிமை. 60 என்றால் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 42 கிலோ. 70 என்றால் ஏறத்தாழ 49 கிலோ. மூன்றாவது இலக்கமான 1, தரையில் கிடத்தியும் நிமிர்த்தியும் தலைக்கு மேலும், எந்த நிலையிலும் பயன்படுத்தலாம் என்பதற்கு அடையாளம். கடைசி இலக்கம் பூச்சின் வகையையும் அதற்கேற்ற மின்னோட்டத்தையும் குறிக்கிறது, உண்மையான வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. 6013இன் பூச்சில் டைட்டானியம் ஆக்சைடு மிகுதி. வில் எளிதில் பற்றும், ஸ்லாக் தானாகவே பெயர்ந்து வரும், மெல்லிய பைப்புக்கும் தகட்டுக்கும் இதமாக இருக்கும். கிரில்லுக்கும் கேட்டுக்கும் அதுவே போதும். அதைவிட்டு மாற வேண்டியதில்லை.

7018 குறைந்த ஹைட்ரஜன் வகை. மற்ற ராடுகளில் பூச்சிலுள்ள ஈரம் மின்வில்லில் பிளந்து ஹைட்ரஜனாகி உருகிய இரும்புக்குள் நுழைகிறது. தடித்த தகட்டிலும் வலிமை மிக்க எஃகிலும் அது இணைப்பை ஒட்டிய இடத்தில் சேர்ந்துகொண்டு, வேலை முடிந்து சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து விரிசலாக வெளிப்படும். முதல் நாள் பார்த்தபோது குறையே இல்லாத தூண் மூன்றாம் நாள் விரிசல் விட்டு நிற்பது இதனால்தான். 7018இன் பூச்சில் அந்த ஈரம் மிகக் குறைவு. எனவே சுமை தாங்கும் தூண், உத்தரம், தடித்த தகடு ஆகியவற்றுக்கு ஒப்பந்ததாரர் 7018 கேட்பது நியாயமே.

ஆனால் அதிக விலை கொடுத்து வாங்கி, பெட்டியைப் பிரித்து, மழைக்காலத்தில் தரையில் போட்டு வைத்துப் பயன்படுத்தினால் அந்தப் பணம் வீண். ஈரம் பட்ட 7018ஐத் தயாரிப்பாளர் பெட்டியில் அச்சிட்டுள்ளபடி, பெரும்பாலும் 300 முதல் 350 டிகிரி வரையில், அதற்கென உள்ள அடுப்பில் காயவைத்து, பிறகு சூடான பெட்டியில் வைத்திருந்து, வேண்டிய அளவு மட்டும் எடுக்க வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் அந்த வேலையை ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே நேர்மை என்பது என் கருத்து.

கையின் பழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 3.15 மில்லிமீட்டர் 6013க்கு 90 முதல் 130 ஆம்பியர் வரை வைக்கலாம். ராடின் நுனிக்கும் குளத்துக்கும் உள்ள இடைவெளி, ராடின் உள்கம்பியின் தடிமனைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஓசை உடனே காட்டிக்கொடுக்கும். சீரான பொரிவு போய், எண்ணெயில் கடுகு வெடிப்பது போலப் பொறி தெறிக்கும். புதிதாகப் பழகுபவர்கள் வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கும் குளத்தை: அதன் ஓரங்கள் இரண்டு பக்கத்து இரும்பையும் நனைத்துக்கொண்டு வருகின்றனவா, கசடு குளத்தைத் தாண்டி முன்னால் ஓடுகிறதா என்பதை. கசடு முன்னால் ஓடினால் அதன் மீதே இரும்பு ஊற்றப்படுகிறது. அது உள்ளேயே புதைந்துபோகும்.

புதிதாகப் பட்டறை தொடங்குகிறேன். ராடு இயந்திரம், சிஓடூ, ஆர்கான் மூன்றில் எதை வாங்குவது? – வாசகர், பொம்மசந்திரா

என்ன வேலை வரும் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் மூன்றின் இயல்பையும் சொல்கிறேன், தேர்வு உங்களுடையது.

சிஓடூ வெல்டிங் என்று நாம் சொல்வதில், சுருளிலிருந்து மெல்லிய கம்பி தொடர்ச்சியாக டார்ச்சின் வழியே வந்து தானே உருகுகிறது. சுற்றிலும் பீய்ச்சும் வாயு குளத்தைக் காக்கிறது. தனி கார்பன் டை ஆக்சைடு மலிவு, ஆழமாக ஊடுருவும், ஆனால் பொறி அதிகம் தெறிக்கும். ஆர்கானோடு இருபது விழுக்காடு அளவு அதைக் கலந்து பயன்படுத்தினால் இணைப்பு வழவழப்பாக வரும், செலவும் கூடும். ராடு மாற்ற நிற்க வேண்டாம், தட்டி எடுக்கக் கசடும் இல்லை. ஒரே வகைப் பொருளை நாள் முழுவதும் செய்யும் பட்டறைக்கு இதைவிட ஏற்ற முறை கிடையாது. தகட்டு வேலைக்கு 0.8 மில்லிமீட்டர் கம்பி, தடித்த வேலைக்கு 1.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயு நிமிடத்துக்குப் 10 முதல் 15 லிட்டர் வரை போதும்.

இதன் எதிரிகள் இரண்டு. ஒன்று காற்று: பட்டறைக் கதவு திறந்திருந்தாலும் மின்விசிறி சுற்றினாலும் வாயுப் போர்வை கலைந்து, இணைப்பில் ஊசி முனை அளவு ஓட்டைகள் விழும். ஆகவே மொட்டை மாடியிலும் திறந்த வெளியிலும் ராடு வெல்டிங்கே நம்பகமானது. மற்றொன்று ஏமாற்றும் அழகு: தடித்த தகட்டில் வோல்டேஜும் கம்பி வேகமும் குறைவாக வைத்தால், மேலே வரிசையாகப் படிந்து அழகாகத் தெரியும், அடியிலோ இரும்போடு கலந்தே இருக்காது. அப்படிப்பட்ட ஓர் இணைப்பை மாணவர்கள் முன்னிலையில் குறட்டில் பிடித்து மடக்கிக் காட்டியபோது, முழு வரியும் பழுத்த பலாச்சுளை போலக் கழன்று வந்தது. அதைப் பார்த்தபின் ஒருவரும் மேற்பூச்சு அழகை வைத்து மதிப்பெண் கேட்கவில்லை.

ஆர்கான் வெல்டிங் என்று பெயர் வழங்கும் டிக் முறையில் மின்வில்லைத் தாங்கும் ஊசி டங்ஸ்டன். அது 3,422 டிகிரியில்தான் உருகும் என்பதால், தான் கரையாமல் வில்லை மட்டும் கொடுக்கிறது. நிரப்பும் கம்பியை மற்றொரு கையால் சொட்டுச் சொட்டாக ஊட்ட வேண்டும். மெதுவானது, கைத்தேர்ச்சி கேட்பது. ஆனால் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் உணவு, மருந்துத் தொழிற்சாலைக் குழாய்களிலும் இதன் தூய்மைக்கு ஈடு இல்லை. குழாய் வேலையில் உட்புறத்தையும் ஆர்கானால் நிரப்ப வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் உட்பக்கம் கருகி, கரி கட்டியது போலப் பொரிந்துவிடும்.

அலுமினியம் தனிக்கதை. அந்த உலோகம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு ஆடையோ 2,000 டிகிரியைத் தாண்டினாலும் உருகாது. உள்ளே பால் பொங்கிக்கொண்டிருக்க, மேலே ஏடு கிழியாமல் கிடப்பது போன்ற நிலை அது. மாறுதிசை மின்னோட்டத்தில், டங்ஸ்டன் நேர்மின் முனையாக இருக்கும் அரைச்சுற்றில் அந்த ஏடு கிழிபடுகிறது. மற்ற அரைச்சுற்றில் உலோகம் உருகுகிறது. ஆகையால் அலுமினிய வேலை வரும் என்றால் ஏசி வசதியுள்ள டிக் இயந்திரம் வேண்டும். டிசி மட்டும் தரும் மலிவான பெட்டியை வாங்கிவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள்.

தண்ணீர்த் தொட்டி, கொதிகலன் போன்றவற்றின் நீண்ட தடித்த இணைப்புகளை மணல் போன்ற பொடிக்கு அடியில் மின்வில்லை ஒளித்துச் செய்யும் முறையும், கார் உடலின் தகடுகளைச் செப்பு முனைகளால் நெருக்கி மின்சாரம் பாய்ச்சிப் புள்ளிப் புள்ளியாக இணைக்கும் ஸ்பாட் வெல்டிங்கும் பெரிய தொழிற்சாலைகளுக்கு உரியவை. சிறு பட்டறைக்கு இப்போது தேவைப்படா.

மெட்ரோ ரயிலில் பழைய ரயிலின் தடக் தடக் ஓசை கேட்பதில்லையே, ஏன்? – பள்ளி மாணவி, அல்சூர்

பழைய தண்டவாளத்தில் இரண்டு துண்டுகளுக்கு நடுவில் இடைவெளி விட்டுப் போல்ட்டால் இணைத்திருப்பார்கள். சக்கரம் அந்த இடைவெளியில் இறங்கி ஏறும் ஓசைதான் அது. இக்காலத்தில் துண்டுகளை வெல்டிங் செய்து நீண்ட ஒரே தண்டவாளமாக ஆக்குகிறார்கள். தண்டவாளம் கிடக்கும் இடத்திலேயே செய்ய, அலுமினியப் பொடியையும் இரும்பு ஆக்சைடையும் ஒரு மூசையில் கலந்து பற்றவைப்பதுண்டு. அலுமினியம் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, மிகுந்த வெப்பத்தோடு பிரிந்த உருகிய இரும்பு கீழே அச்சுக்குள் பாய்ந்து இடைவெளியை நிரப்புகிறது. மின்சாரமே தேவையில்லை, கண்ணே.

என் வீட்டுக்காரர் வெல்டர். சில இரவுகளில் கண்ணில் மணல் கொட்டியது போல் எரிகிறது என்று துடிக்கிறார். ஜிஐ பைப் வேலை செய்த நாளில் குளிரும் காய்ச்சலும் வருகிறது. பால் குடித்தால் புகை இறங்கிவிடும் என்கிறார்கள். உண்மையா? – வாசகி, லக்கரே

அம்மா, இந்தக் கடிதத்தைத்தான் நான் முதலில் படித்தேன். பழகிய முதல் ஆண்டில் நான் வேலை பார்த்த பட்டறையில் மூன்று பேருக்கு ஒரே முகக்கவசம். டாக் (துண்டுகள் நகராமல் நிறுத்த முதலில் வைக்கும் சிறு புள்ளி இணைப்பு) வைக்கும்போது கண்ணை மூடிக்கொள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிரவு ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தது இன்றும் நினைவிருக்கிறது. மின்வில்லின் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்படலத்தைச் சுட்டுவிடுகிறது. வலி உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்தே வரும். அதனால்தான் இரவில் துடிக்கிறார். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும் என்றாலும் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். உருளைக்கிழங்குத் துண்டும் தாய்ப்பாலும் வேண்டாம். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி ஊற்றிக்கொள்வது கண்ணுக்கே கேடு. முகக்கவசத்தில் 10 அல்லது 11ஆம் எண் கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். சாலையோரக் கறுப்புக் கண்ணாடி இதற்கு ஆகாது. பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்கும், தெருவிலிருந்து வேடிக்கை பார்க்கும் குழந்தைக்கும் இதே தீங்கு உண்டு. பட்டறை வாசலில் ஒரு திரை கட்டச் சொல்லுங்கள்.

காய்ச்சலுக்குக் காரணம் துத்தநாகம். ஜிஐ பைப்பின் மேலிருக்கும் பூச்சு 907 டிகிரியிலேயே கொதித்து வெண்புகையாகிறது. அதை மூச்சில் இழுத்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், உடல்வலி, வாயில் உலோகச் சுவை எல்லாம் வரும். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. ஒன்று மற்றொன்றைக் கழுவ வழியில்லை. வெல்டிங் செய்யும் இடத்துக்கு இருபுறமும் பூச்சைத் தேய்த்து அகற்றுவதும், புகையை மூக்குக்கு எட்டுமுன் பக்கவாட்டில் இழுத்துவிடும் விசிறி வைப்பதும், தகுந்த வடிகட்டியுள்ள மூச்சுக்கவசம் அணிவதுமே வழி. கைக்குட்டை கட்டிக்கொள்வது பயன் தராது. காய்ச்சல் மறுநாள் இறங்கிவிடுகிறதே என்று அலட்சியம் வேண்டாம்: உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017இல் வெல்டிங் புகை முழுவதையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புகையில் குரோமியமும் நிக்கலும் இருப்பதால் அங்கே இன்னும் கூடுதல் கவனம் தேவை. முகக்கவசமும் மூச்சுக்கவசமும் கேட்பது கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஏற்பாடு செய்ய வேண்டியது முதலாளியின் கடமை.

அசிட்டிலின் சிலிண்டரை ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவருகிறோம். தவறா? – வாசகர், யஷ்வந்தபுரம்

தவறு. அந்தச் சிலிண்டருக்குள் வெறும் வாயு இல்லை. துளைகள் நிறைந்த ஒரு பொருளில் அசிட்டோன் ஊறியிருக்க, அதில் அசிட்டிலின் கரைந்திருக்கிறது. படுக்கவைத்தால் அசிட்டோனே வெளியேறும். நிமிர்த்திக் கட்டி, திறந்த வண்டியில் கொண்டுவாருங்கள். தவறிப் படுத்திருந்தால் நிமிர்த்திப் பல மணி நேரம் விட்ட பிறகே திறக்க வேண்டும். டார்ச்சுக்குப் போகும் அசிட்டிலின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆக்சிஜனே இல்லாமல் தானாக வெடிக்கும் இயல்பு அதற்கு உண்டு. அதன் இணைப்புகளில் இடப்பக்க மரை இருப்பதும் ஆக்சிஜனோடு மாற்றிப் பூட்டிவிடாமல் இருக்கத்தான். ஆக்சிஜன் வால்வில் எண்ணெயோ கிரீசோ தொட்ட கையைக்கூட வைக்காதீர்கள். இரண்டு குழாய்களிலும் தீ குழாய்க்குள் பின்வாங்குவதைத் தடுக்கும் வால்வு இருக்க வேண்டும். இதோடு சேர்த்து ஒன்று: பெட்ரோல், தின்னர் இருந்த பீப்பாயைக் காலியென்று நம்பிச் சூடு காட்டாதீர்கள். காலிப் பீப்பாயில் நிறைந்திருக்கும் ஆவிதான் வெடிக்கிறது.

எட்டாம் வகுப்போடு நின்ற தம்பிக்கு இத்தொழிலில் முறையான படிப்பு உண்டா? – வாசகர், கே.ஆர்.புரம்

உண்டு. ஐடிஐயில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர் சேரலாம். அதன் பிறகு குழாய் வெல்டிங்கில் கை தேறினால் 6ஜி என்னும் தேர்வு எழுதலாம். 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றிலும் வெல்டிங் செய்ய வேண்டும். கீழும் மேலும் பக்கமும் என எல்லா நிலைகளும் ஒரே வட்டத்துக்குள் வந்துவிடுவதால் இதில் தேறியவருக்கு மதிப்பு அதிகம். திருச்சியில் பெல் (பிஎச்இஎல்) நிறுவனத்தோடு இணைந்த வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் பயிற்சிகள் நடத்துகிறது.

வீட்டு கேட்டில் வெல்டிங் வேலை முடிந்தது. நன்றாகச் செய்திருக்கிறார்களா என்று நான் எப்படி அறிவது? சட்டம் சற்று வளைந்தும் இருக்கிறது. – வாசகி, ஜெயநகர்

பெயின்ட் அடிப்பதற்கு முன்பே பாருங்கள், அம்மா. அடித்த பிறகு எல்லா இணைப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஸ்லாக் முழுவதும் தட்டி எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இணைப்பின் ஓரத்தை நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படக் கூடாது. பட்டால் அங்கே மூல இரும்பு அரிக்கப்பட்டு மெலிந்திருக்கிறது என்று பொருள். ஊசித் துளைகள் தெரிகின்றனவா, சட்டத்தின் உட்பக்க மூலைகளிலும் இணைப்பு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கைக்கு எளிதில் எட்டாத அந்த மூலைகளைத்தான் அவசரக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். ஐயம் இருந்தால் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, மேலே வெண்பொடி தெளித்துப் பார்க்கும் சோதனை உண்டு. மேற்பரப்பில் விரிசல் இருந்தால் அதில் புகுந்த சாயம் வெண்மையின் மீது சிவப்புக் கோடாக ஊறிவரும்.

வளைவுக்கு வருகிறேன். உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கி, தன்னோடு சட்டத்தையும் இழுக்கும். நான்கு மூலைகளையும் முதலில் டாக் வைத்து, குறுக்களவு இரண்டும் சமமா என்று நாடாவால் அளந்து, பிறகு எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக வெல்டிங் செய்திருந்தால் இழுப்பு ஒன்றையொன்று சமன் செய்திருக்கும். ஒரு மூலையிலிருந்து தொடங்கி ஒரே மூச்சில் சுற்றி முடித்திருக்கிறார்கள் போலும். அவரையே அழைத்து, வளைந்த மூலையின் இணைப்பைக் கிரைண்டரால் அறுத்து, சட்டத்தை நேராக்கி, மறுபடி டாக் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். அதன் பின் கம்பித் தூரிகையால் தேய்த்து, அன்றே ரெட் ஆக்சைடு அடித்துவிட வேண்டும். மழை பெய்தால் ஓரிரவில் துரு ஏறிவிடும்.